கொடிக்கம்பி கட்டிய பாலைமரம்

என் மகனே,

உனக்கு உம்மாவின் ஸலாம். சுகமா, சாப்பிட்டாயா என்று இதில் கேட்கப்போவதில்லை. அதைத்தான் நாம் தினமும் போனில் கேட்கிறோம். நீ "சாப்பிட்டீங்களா உம்மா?" என்பாய். நான் "ஓம், நீ?" என்பேன். நீயும் "ஓம்" என்பாய். "சரி உம்மா, வைக்கட்டா?" என்று நீ கேட்டதும் வைத்துவிடுவோம். இத்தனை வருடமும் இப்படியே பேசியதில், சொல்ல வேண்டியவை வாய்க்கு வராமலே போய்விட்டன. அதனால்தான் எழுதுகிறேன். யாருக்காவது கடிதம் எழுதிப் பல காலம். எழுத்து ஆடுகிறது. மூக்குக் கண்ணாடி நீ வாங்கித் தந்தது, ஆகவே குறை சொல்லும் உரிமை உனக்கு இல்லை.

நேற்று லுஹர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது போன் அடித்தது. கிண்ணியாவிலிருந்து ரிஸ்னாவின் உம்மா. உனக்கும் ரிஸ்னாவுக்கும் கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து அவர் என்னை "ராத்தா" என்றுதான் அழைப்பார். அந்தக் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். நேற்று அது இருக்கவில்லை. "ராத்தா, கோவிச்சுக்க வேணாம். ஒங்கட மகன் ரெண்டாந்தரமும் தவணை கேக்கிறார். ஏன் எண்டு கேட்டா, உம்மா தனிய இருக்கிறா எண்டு மட்டும் சொல்றார். எங்கட புள்ள ஒண்டும் பேசுதில்ல, குசினிக்குள்ள நிண்டு அழுவுது. நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க." முதல் தடவை மண்டபம் கிடைக்கவில்லை என்றாய். இரண்டாவது தடவை கராஜில் வேலை கூட என்றாய். நானும் நம்பினேன். அவரிடம் "யோசிச்சுச் சொல்லுறன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது நம் ஆட்களிடம் புதிய விஷயமா? மகளுக்கென்று கட்டிய வீட்டுக்கு நிறமடித்துப் பூட்டி வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருக்கிறார்கள். ரிஸ்னா அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், அதை விட்டுவிட்டு வர முடியாது. வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிற உனக்குக் கிண்ணியாவில் வேலைக்குக் குறைவே இல்லை. புத்தளத்தில் அந்தக் கராஜை நீ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். அங்கிருந்து வெள்ளிக்கிழமை சுபஹோடு, விடியும்போதே பஸ் ஏறினால் ஜும்ஆத் தொழுகைக்கு முன் நம் கொண்டச்சிச் சந்தியில் இறங்கிவிடலாம். கிண்ணியாவிலிருந்து கிழமைக்குக் கிழமை அப்படி வர முடியாது. இதை நீயும் கணக்குப் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பிள்ளைக்கு என்னை விட்டுப் போக மனமில்லை என்ற சந்தோஷம். தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய்ப் பின்வளவில் விழுந்து கிடக்கும் பாலைமரத்தில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை அடுப்படியில் நின்று அழுகிறாள், நான் இங்கே இனிப்புத் தின்கிறேன்.

நீ வராத நாட்களில் இங்கே எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. அரைச் சுண்டு அரிசி போட்டாலும் சோறு மிஞ்சும், அதைக் கோழிகளுக்குப் போடுவேன். கோழிகளோடு பேசுவேன். பேசிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று வேலிப்பக்கம் பார்ப்பேன். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். அசர்த் தொழுகை முடிந்து பின்னேரம் காற்று விழுந்து காடு அடங்கிவிடும் பார், அந்த நேரம்தான் பெரிய பாடு. அப்போது டீவியைப் போட்டு, பார்க்காமல், சத்தத்துக்காக விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் நான் வேறு மனுஷி. வியாழன் பின்னேரமே தேங்காய் துருவத் தொடங்கிவிடுவேன். போன மாதம் தண்ணீர் மோட்டர் பழுது என்று சொல்லி உன்னை இரண்டு நாள் கூட நிறுத்தினேனே, அந்த மோட்டருக்கு ஒன்றுமே இல்லை. பின்னால் இருக்கும் சின்ன சுவிச்சை நானே அணைத்துவிட்டிருந்தேன். இயந்திரம் திருத்துகிற உனக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தும் இரண்டு நாள் அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாயா?

நான் எழுத வந்தது பாலைமரத்தைப் பற்றி. சிரிக்காதே. கல்யாணப் பேச்சில் மரம் எங்கே வந்தது என்று கேட்பாய். வரும், பொறு.

நீ பிறந்து எனக்கு நாற்பது நாள் முடியவில்லை, அப்போதுதான் இயக்கக்காரர் துவக்கோடு வந்து, முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஐப்பசி மாதம். இந்த வளவு என் சீதன வளவு, நான் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். வேலிக்கு அப்பால் காடு தொடங்கும் இடத்தில் அந்தப் பெரிய பாலை நின்றது. அதன் நிழலில், வேலிக்கு இந்தப் பக்கம், உலக்கைப் பருமனில் நேராக ஒரு பாலைக்கன்று. நான் குர்ஆன் ஓதப் போன வயதிலும் அது அங்கே நின்றது, அதே பருமனில்தான். அது வளர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. உன் வாப்பா அந்தக் கன்றில் ஒரு முனையும் குசினிக் கப்புத் தூணில் மறுமுனையுமாகக் கம்பி இழுத்துக் கட்டித் தந்தார், உன் துணிகளைக் காயப்போட. அன்று காலையும் துவைத்துப் போட்டிருந்தேன். மழை தூறியதில் காயவில்லை. நான் எடுக்கப் போனேன். "ஈரத்துணிய எதுக்கு எடுக்கிறாய்? ரெண்டு நாளில வந்திருவம்" என்றார் உன் வாப்பா. அவர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். உன்னை என் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு வீடு நினைவில்லை, நகை நினைவில்லை, அந்தக் கொடியில் ஆடிக்கொண்டிருந்த சின்னத் துணிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

மிச்சம் உனக்குத் தெரியும். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், தண்ணீர்ப் பவுசர் லொறிக்கு வரிசை, வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அவர் திரும்பி வராமலே புத்தளத்து மண்ணில் அடங்கினார். சண்டை முடிந்து நாம் இங்கே வந்தபோது உனக்கு மீசை கறுத்திருந்தது. எங்கள் ஊரை நாங்களே தேட வேண்டியிருந்தது. வீடு இருந்த இடத்தில் காடு. கிளுவைக் கதியால்கள் வேலியாக இருந்ததை மறந்து மரங்களாகிவிட்டிருந்தன, ஆனால் வரிசை கலையவில்லை. "உம்மா, காட்டு மரம் இப்பிடி நேரா நிக்குமா?" என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாய். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்க் கிணற்றைக் கண்டோம், கிணற்றிலிருந்து குசினியைக் கண்டோம். குசினி நிலத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய வேம்பு நின்றது. நீ அதைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாய், இரண்டு கையும் எட்டவில்லை.

காணி வெளியாக்கும்போது நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். பருத்தது என்றால் மூத்தது, அதை விடு. மெல்லியது என்றால் நேற்று முளைத்தது, அதைத் தறி. நான் கையை நீட்டிக் காட்டினேன், நீ கத்தியோடு போனாய். வேம்புகளைப் பெரிய மனிதர்களாக மதித்து ஒதுங்கிப் போனோம். பின்வேலிப் பக்கம் நின்ற பாலைக் கம்பையும் "அதையும் தறி" என்றேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை, மகன். கண்ணுக்கு முன்னால் நின்றும் தெரியவில்லை. இருபது வருடத்தில் அது மரமாகியிருக்கும் என்று என் மனம் எண்ணியிருந்தது. ஆகவே பெரிய மரமாக எதையோ தேடிக்கொண்டு, அந்த மெல்லிய கம்பை வெட்டச் சொன்னேன். அது எவ்வளவு வைரம் என்பதற்கு உன் கை சாட்சி, கொப்பளித்துவிட்டது. பிறகு வேலிக் கட்டைக்கு அளவாகத் துண்டு போட்டபோது கத்தி கணீர் என்று எதிலோ பட்டு, அதன் கூர் பெயர்ந்தது. "என்ன உம்மா இது, மரத்துக்குள்ள கம்பி?" என்று கேட்டாய். நான் பார்த்தேன். துருப்பிடித்த கொடிக்கம்பி. மரம் அதை விழுங்கி மேலே பட்டை மூடியிருந்தது. "ஆரும் கட்டினதாக்கும். பழசு. எறி" என்றேன்.

அது உன் துணி காய்ந்த கம்பி என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த ஈரத்துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் வாப்பாவைப் பற்றி அழ வேண்டும். அன்று அழ நேரமில்லை, இருட்டுவதற்குள் கூரைக்குத் தகரம் போட வேண்டியிருந்தது. நீ எறிந்த துண்டை நான் பிறகு எடுத்து வைத்தேன். அலுமாரிக்கு மேலே, பழைய பாய்க்குப் பின்னால் இருக்கிறது. நீ ஒரு நாள் அதை விறகென்று நினைத்து எடுத்தபோது நான் உன்மேல் எரிந்து விழுந்தேனே, காரணம் இதுதான்.

சில வருடம் கழித்து மரம் அளக்க ஒரு பிள்ளை வந்தாள், உனக்கு நினைவிருக்கும், துளசி. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். முள்ளிக்குளம் பக்கத்தில் தங்கியிருந்து, ஒவ்வொரு வருடமும் கோடையில் வந்து நம் வளவுக்குப் பின்னால் இருக்கும் காட்டுத்துண்டில் ஒவ்வொரு மரத்தையும் நாடாவால் சுற்றி அளப்பாள். ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்ட தகரத்துண்டு அடித்திருந்தாள். "மரத்துக்கும் அடையாள அட்டை குடுக்கிறீங்களோ?" என்று நான் கேலி செய்தேன். "ஓம் அம்மா. அப்பதான் அடுத்த முறை வரேக்க ஆர் இருக்கினம், ஆர் செத்திட்டினம், ஆர் புதுசா வந்திருக்கினம் எண்டு தெரியும்" என்றாள். மரங்களை ஆட்களாகச் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் குடிக்க வருவாள், நான் சோறு போடாமல் விடமாட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் வரும் மாதத்தை நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ தறித்த பாலையின் அடிக்கட்டை அடுத்த மாரியிலேயே துளிர்த்திருந்தது. ஆடு கடிக்காமல் நான் முள்ளுக்கொப்பு வளைத்து வைத்தேன். ஆனால் அது முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. வருடா வருடம் அதே முழங்கால் உயரம். ஒரு நாள் துளசியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுக்கு எத்தினை வயசிருக்கும் பிள்ளை?" என்று கேட்டேன். "எதுக்கம்மா? தண்டுக்கோ, வேருக்கோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "ரெண்டும் வேற வேறயோ?" என்றேன். அவள் குந்தி இருந்து மண்ணைக் கிளறிக் காட்டினாள். விரல் பருமன் தண்டுக்குக் கீழே என் தொடைப் பருமனில் முண்டும் முடிச்சுமாக ஒரு வேர்க்கட்டை. "தண்டு நீங்கள் வெட்டினதுக்குப் பிறகு வந்தது. வேர் உங்களைவிட மூப்பாயும் இருக்கலாம். முதலும் எத்தினை தரம் வெட்டுப்பட்டுதோ, நெருப்பில போச்சுதோ ஆருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்துக் காடு கனக்க இப்பிடித்தான் திரும்பி வாறது, அடியில இருந்து."

வேம்புகளைப் பற்றியும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அவை எல்லாம் நாம் இல்லாத காலத்தில் காகம் போட்ட கொட்டைகள். வெறும் காணியில் வெயிலைக் கண்டதும் விறுவிறுவென்று வளர்ந்தவை. நான் மூத்தோர் என்று மரியாதை கொடுத்த மரமெல்லாம் உன்னைவிட இளையது, இளசு என்று வெட்டியது என்னைவிட மூத்தது. மெல்லியதெல்லாம் இளசு அல்ல என்பது எனக்கு அந்த வயதில்தான் விளங்கியது.

"அப்ப ஏன் பிள்ளை இது வளரேல்ல?" என்றேன். அவள் மேலே காட்டினாள். பெரிய பாலையின் கொப்புகள் வானத்தை மூடி நின்றன. கீழே நிற்கிற கன்று சாகாது, வளராது. வருடத்துக்கு இரண்டு மூன்று இலையைப் போட்டுக்கொண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பத்து வருடமும் காத்திருக்கும், ஐம்பது வருடமும் காத்திருக்கும் என்றாள். "அப்ப அந்தப் பெரிய மரம் இதுக்கு நன்மையோ, கெடுதியோ?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் அம்மா. சின்னனில வெயிலுக்குக் காய விடாமக் காப்பாத்தும். பிறகு வளர விடாது." அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினேன்.

அவளோடு நடந்து நடந்து நானும் கொஞ்சம் பார்க்கப் பழகினேன். வைகாசி ஆனியில் பாலைப்பழம் மஞ்சளாகக் கொட்டும், உனக்கு வாயெல்லாம் பால் ஒட்டுமே. கரடிக்குப் பயந்து நாம் தகரம் தட்டிக்கொண்டு பொறுக்கப் போவோம். மாரி தொடங்கியதும் மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருக்கும். அடுத்த கோடை முடிய ஒன்றும் இராது. மான் கடித்தது, பூச்சி அரித்தது, மிச்சம் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. தாய்மரத்தடியில் விழுந்தவை கூட்டமாக முளைத்துக் கூட்டமாகவே போய்விடும். கரடியும் இருவாய்ச்சிக் குருவியும் தின்று எங்கோ கொண்டுபோய்ப் போட்டதில்தான் ஒன்றிரண்டு தப்பும் என்றாள் துளசி. உனக்குப் புத்தி சொல்ல இது வாய்ப்பான கதை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று எனக்கு வந்தது கோபம். தூரப் போனது தப்பிவிட்டது என்று தாய்மரத்துக்கு யார் போய்ச் சொல்வது? அதை அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். அவளுடைய படிப்பில் அந்தக் கேள்வி இல்லையாம்.

இன்னொரு நாள் அவள் சொன்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. "இவ்வளவு கொட்டையும் வீணாப் போகுதே" என்று நான் அங்கலாய்த்தேன். "வீண் இல்லை அம்மா. காடு கூடாமக் குறையாம அப்பிடியே இருக்க, ஒரு மரத்துக்கு அதின்ர ஆயுளிலேயே ஒரு பிள்ளை பெரிசானாப் போதும்" என்றாள். "ஒண்டே ஒண்டோ?" "ஓம் அம்மா, ஒண்டு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உனக்குப் பின்னால் கொட்டிலில் எனக்கு இரண்டு தங்காமல் போனது உனக்குத் தெரியாது. அந்தச் சூட்டிலும் சேற்றிலும் எது தங்கும்? வாப்பா என்னைத் தேற்ற, "ஒண்டு இருக்குதே, அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அந்த ஒன்றை நான் கையை விட்டு இறக்கவே இல்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போதும் பள்ளிக்கூட வாசலில் நான் சோற்றுப் பார்சலோடு நின்றேன். பெடியன்கள் உன்னை "உம்மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். நீ ஒரு நாளும் என்னைப் போகச் சொல்லவில்லை.

போன மாரியில் பெரிய பாலை விழுந்ததை நீ கண்டாய், நீயே வந்து கொப்புகளைத் தறித்தாய். ஆனால் அது விழுந்த காலையில் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. பெரிய காற்றுக்கும் சாயாமல் நின்றது. காற்று ஓய்ந்து, மழை விட்டு, நல்ல வெயில் எறித்த ஒரு காலையில், நான் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சரிந்தது. உள்ளே முழுக்கக் கோறை, வெறும் பொந்து. வெளியே ஒரு குறையும் காட்டாமல் இவ்வளவு காலம் பழம் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதில் முகத்தை வைத்து அழுதேன். என் பிள்ளைப் பருவத்தைக் கண்ட உயிர் இந்த ஊரில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. இனி நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.

பிறகு பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை. போகாததற்குக் காரணம், அங்கே வெளிச்சம் அதிகம். பழகிய நிழல் இல்லாத இடத்தில் நிற்கவே ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு நாள் ஆட்டைத் தேடிப் போனபோதுதான் நம்முடைய அந்தத் துளிரைக் கண்டேன். முள்ளுக்கொப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றது. முழங்காலுக்கு மேல் ஏறாத கம்பு என் இடுப்புக்கு வந்துவிட்டது. இலைகள் பெரிதாக, மினுமினுவென்று. நான் பிறக்க முன்னிருந்து அது இதற்காகவே காத்துக்கொண்டிருந்தது போலும், ஒரு மாரியைக்கூட வீணாக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, விழுந்து கிடந்த மரத்தை நினைக்கப் பொறுக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று ஆட்டை மறந்துவிட்டேன்.

நேற்று கிண்ணியாவிலிருந்து போன் வந்து, நான் அந்த மரத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்கு நேரே அந்தக் கன்று நின்றது. முப்பத்தைந்து வயதாகும் உன்னை இன்னும் சின்னப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. நீ கூச்சக்காரன், உலகம் தெரியாதவன், அதனால்தான் கல்யாணம் பிந்துகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். நீ வளரத் தெரியாமல் நிற்கவில்லை. எனக்குக் கீழே நிற்கிறாய். என்னுடைய நிழலில் நின்று, வருடத்துக்கு இரண்டு இலை போட்டுக்கொண்டு, ஒரு முறைப்பாடும் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறாய். எதற்குக் காத்திருக்கிறாய் என்று நீ யோசித்ததுண்டா? நான் யோசித்தேன். உம்மா இருக்கும்வரை என்று நீ வைத்திருக்கும் கணக்குக்கு என்ன அர்த்தம்? உம்மாவின் மௌத்துக்குப் பிறகுதானே உன் வாழ்க்கை? பாசத்தால் வந்த கணக்குத்தான். ஆனாலும் அது எனக்கு வேண்டாம், மகன். விழுந்துதான் வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்பது மரத்தின் பாடு, அதற்கு விலகி நிற்கத் தெரியாது. எனக்குக் கால் இருக்கிறது. முழங்கால் நோகிறது, ஆனாலும் இருக்கிறது.

நீங்களும் வந்துவிடுங்கோ என்று நீ சொல்லப்போகிறாய், ரிஸ்னாவின் உம்மாவும் சொல்லிவிட்டார். நான் வரமாட்டேன். கோபத்தால் அல்ல. இருபது வருடம் பிறர் காணியில் இருந்தேன். நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் கிணற்றில் வாளியை இறக்கும்போதும் சத்தம் வராமல் இறக்கினேன். இங்கே என் வாளியை நான் சத்தமாக இறக்குகிறேன். இந்தத் தனிமையும் என்னுடைய தனிமை. அதை இல்லையென்று பொய் சொல்லப் போவதில்லை. நீ போனபிறகு அசர் நேரம் இன்னும் நீளும். அழுவேன். அழுதுவிட்டுக் கோழியைக் கூட்டில் அடைப்பேன். அதற்காக நீ எதையும் செய்ய வேண்டாம், அது உனக்குத் திருத்த முடிந்த இயந்திரம் இல்லை.

பெண் வீட்டில் இருக்கப் போகிறவனுக்கு உம்மா சொல்ல வேண்டிய சில உண்டு, கேட்டுக்கொள். கதிரையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி கேட்காதே, கேத்தலை நீயே அடுப்பில் வை. மாமியை வாய் நிறைய "மாமி" என்று கூப்பிடு, எனக்குப் பொறாமை வரும், வரட்டும். ரிஸ்னா சமைத்ததை என் சமையலோடு ஒப்பிடாதே. என்னுடையதில் உப்புக் கூட என்று உன் வாப்பாவே சொல்லுவார். சண்டை வந்தால் பஸ் ஏறி இங்கே வந்துவிடாதே, அங்கேயே நின்று முடி. பிள்ளைகள் பிறந்தால் அவர்களைக் கையை விட்டு இறக்கு. நான் செய்யாததை நீ செய்.

இன்று காலை கிண்ணியாவுக்கு நானே எடுத்தேன். "தங்கச்சி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வாற முதல் வெள்ளி. இனித் தவணை இல்ல. மகன் வருவார்" என்றேன். பிறகு "ராத்தா, நீங்க எப்பிடித் தனிய?" என்று அவர் அழத் தொடங்கிவிட்டார். "நான் காட்டுக்குப் பக்கத்தில இருக்கிறவள், எனக்கு ஒண்டும் ஆகாது" என்று அவரை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது. நிக்காஹுக்கு முதல் ஆளாக வருவேன். அலுமாரிக்கு மேலே இருக்கும் அந்தப் பாலைத் துண்டையும் கொண்டுவருவேன். உன் வாப்பா கட்டிய கம்பி அதற்குள் இருக்கிறது. அது உன்னுடையது.

இந்தக் கடிதத்தைப் புத்தளம் வழியாகப் போகும் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் உன் கராஜுக்கு முன்னால் நிறுத்தித் தருவார். வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுக்காதே, உன் குரலைக் கேட்டால் நான் எழுதியதை எல்லாம் மாற்றிவிடுவேன்.

இந்த வெள்ளிக்கிழமை இங்கே வராதே. கிண்ணியாவுக்குப் போ, போய் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசு. நான் வழக்கம்போல வியாழன் பின்னேரம் தேங்காய் துருவிவிடுவேன், கை கேட்காது. பஸ் வரும் நேரத்துக்குச் சந்தியிலும் போய் நிற்பேன். தூரத்தில் ஹோர்ன் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அது இனி எத்தனை வெள்ளிக்குத் தொடருமோ தெரியாது. ஆனால் நான் கை காட்டமாட்டேன். இறங்க ஆளில்லை என்று தெரிந்தால் பஸ் நிற்காமல் போகும். போகட்டும்.

உன் உம்மா.